பச்சை நாடா ஒட்டாத இடம்

"ஆர்டிஸ், கொஞ்சம் இங்க வாயேன்."

விமானத்துக்குள் தலையை விட்டு மல்லாந்து படுத்திருந்த என் கணவர் டெல்மரின் கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. மார்ச் மாதத்துக் காலை. கொட்டகையின் தகரக் கூரையிலிருந்து உருகிய பனி சொட்டிக்கொண்டிருந்தது. தகடுகளைப் பிணைக்கிற ரிவிட்டு ஆணிகளில் மிஞ்சியவற்றை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டேன்.

அவர் கையை வெளியே நீட்டினார். உள்ளங்கையில் ஒரு சின்னச் செம்பு லக் இருந்தது. வயரின் முனையைக் கவ்விக்கொண்டிருக்க வேண்டியது அது.

"பிடிச்சு இழுத்தியா?"

"இழுக்கவே இல்ல. தூசி தட்டினேன். கையோட வந்துடுச்சு."

"ராய்ஸ் போட்டதா?"

டெல்மர் கையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு, "ஒண்ணுதானே. யாருக்கும் ஒண்ணு தப்பும்" என்றார்.

ஏழு வருஷமாக அந்த விமானத்தை நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். டெல்மர் கிராமத் தடத்தில் முப்பத்தொரு வருஷம் தபால் கொடுத்தவர். ஓய்வு பெற்ற அடுத்த வாரமே வால்பகுதியின் தகடுகள் மரப்பெட்டியில் வந்து இறங்கின. அவர் வெளியிலிருந்து ரிவிட்டை அடிப்பார். நான் உள்ளிருந்து இரும்புக் கட்டையை அணைத்துப் பிடிப்பேன். நூலகத்தில் புத்தகம் அடுக்கிய என் கைகளுக்கு அந்த அதிர்ச்சி பழகவே ஒரு குளிர்காலம் பிடித்தது. பதினோராயிரம் ரிவிட்டுகள். ஒன்றின் தலை ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் டெல்மர் அதைத் துளைத்து எடுத்துவிட்டு வேறு அடிப்பார். "இது நான் அடிச்சது. என்னை நம்ப முடியாது" என்பார் சிரித்துக்கொண்டே.

மின்சாரத்துக்கு மட்டும் அவர் பயந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தொடமாட்டேன் என்பது அவர் கட்சி. அதனால் வயரிங் வேலையை ராய்ஸிடம் கொடுத்தோம். எங்கள் பக்கத்தில் வீட்டிலேயே விமானம் கட்டுகிற எவரும் அதைத்தான் செய்வார்கள். முப்பது வருஷமாக அதையே தொழிலாகச் செய்பவர் ராய்ஸ். யார் விமானத்தையாவது பார்த்து, "வயரிங் யாரு?" என்று கேட்டு, "ராய்ஸ்" என்று பதில் வந்தால், கேட்டவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். பெரிய மனிதர்களையும் பெயர் சொல்லி அழைக்கிற ஊரில், அவரிடம் மட்டும் எல்லோரும் ஒரு படி இறங்கித்தான் பேசினோம்.

அன்று மத்தியானமே ராய்ஸ் வந்தார். அறுபத்தெட்டு வயது. பெரிய உடம்பு, மெல்லிய குரல். டெல்மர் நீட்டிய லக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அட, இது என் வேலைதானா? வெட்கமா இருக்கு, டெல்மர்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நானே முழங்கையால இடிச்சிருப்பேன்."

இடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும், டெல்மருக்கும் தெரியும்.

ராய்ஸ் உள்ளே நுழைந்து புது லக் ஒன்றை வைத்து அழுத்தினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு மூவரும் உட்கார்ந்து நான் சுட்டிருந்த ஆப்பிள் பை சாப்பிட்டோம். ராய்ஸ் தன் காபியில் பாலை ஊற்றினார். பாதி மேஜையில் விழுந்தது. "கோப்பை நகருது, பார்" என்றார். சிரித்தோம்.

அந்த மேஜையில் ஒரு கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. 'இதே மாதிரி இன்னும் எத்தனை இருக்கும், ராய்ஸ்?' அவ்வளவுதான் கேள்வி. நான் கத்தியை எடுத்து அவருக்கு இன்னொரு துண்டு பை வெட்டி வைத்தேன்.

அவர் போன பிறகு டெல்மரிடம் கேட்டேன்.

"எல்லா வயரையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துடலாமே?"

"நான் இழுத்துப் பார்த்தேன்னு அவருக்குத் தெரிஞ்சா? அந்த மனுஷன் முகத்துல எப்படி முழிப்பேன்? தபால்காரன் ராய்ஸுக்குப் பாடம் எடுத்தான்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே."

"ஆர்டிஸ், அவர் தொழில்காரர். நான் அரைகுறை. என் வேலையை நாலு தடவை பாரு, வேண்டாங்கல. அவர் வேலையை விடு."

டெல்மருக்குத் தன் கையில் நம்பிக்கை இருந்ததே இல்லை. அதனால்தான் அடுத்தவர் கையை அப்படி நம்பினார். வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் பலரிடம் இந்தக் கோளாறு உண்டு. தாங்கள் செய்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். சம்பளம் கொடுத்துச் செய்வித்ததை மூடி வைத்துவிடுவார்கள்.

ஏப்ரலில் எங்கள் நாடாச் சனிக்கிழமை வந்தது.

எங்கள் விமானத் திடலில் இது ஒரு வழக்கம். விமானத்தின் மூடித் தகடுகளை முடுக்குவதற்கு முன்னால் கட்டுகிறவர் எல்லோரையும் பான்கேக் சாப்பிட அழைப்பார். வாசலில் ஆளுக்கொரு பச்சைக் காகித நாடாச் சுருள் கொடுப்பார். வந்தவர்கள் டார்ச்சுடன் விமானத்துக்குள் நுழைந்து, கண்ணுக்குச் சரியாகப் படாத இடத்தில் எல்லாம் ஒரு துண்டு ஒட்டுவார்கள். யார் ஒட்டினார் என்று கேட்கக் கூடாது. ஏன் ஒட்டினாய் என்று சண்டை போடக் கூடாது. பிறகு கட்டியவர் ஒவ்வொரு நாடாவாகப் பிரித்து, அந்த இடத்தைச் சரிசெய்வார். மத்தியானத்துக்குள் விமானத்துக்கு அம்மை போட்டது மாதிரி ஆகிவிடும்.

எங்கள் விமானத்தில் நாற்பத்து மூன்று நாடாக்கள். எல்லாம் டெல்மரின் வேலைமேல். ஒரு துண்டு அவர் தொப்பியின்மேல்கூட இருந்தது.

"இதை யாரு ஒட்டினது?"

"கேட்கக் கூடாது, டெல்மர். சட்டம்!" என்று மைலோ கத்தினான். கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

மைலோ எங்கள் பக்கத்துக் கொட்டகைக்காரன். சோளம் போடுகிற விவசாயி. டெல்மரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட வருபவன். நான்கு வருஷம் முன்பு அவன் கட்டிய விமானத்துக்கும் ராய்ஸ்தான் வயரிங். எங்கள் நாடாச் சனிக்கிழமை அன்று மைலோ, ஓட்டுபவருக்கு எதிரே இருக்கும் கருவிப் பலகையின் அடியில் நுழைந்து வெகுநேரம் மல்லாந்து கிடந்தான். ராய்ஸ் காபிக் கோப்பையோடு பக்கத்திலேயே நின்றிருந்தார். மைலோ வெளியே வந்தபோது, அவன் கால்சட்டையின் முழங்கால்மேல் ஒரு பச்சை நாடா ஒட்டியிருந்தது.

"இது எதுக்குப்பா உன் முட்டியில?" என்று கேட்டேன்.

"என் முட்டிதான் சரியில்ல, ஆர்டிஸ். அதான் ஒட்டிக்கிட்டேன்."

நான் சிரித்தேன். அதைப் பிரித்துக் குப்பைக் கூடையில் போட்டதும் நான்தான்.

பலகைக்குப் பின்னால் ஒரு நாடாகூட இல்லை. ஜூன் மாதம் ஆய்வுக்கு வந்தவர் அங்கே டார்ச் அடித்தார். "வயரிங் யாரு?" என்றார். "ராய்ஸ்." டார்ச்சை அணைத்துவிட்டார்.

ஜூலை முதல் வாரத்தில் விமானம் பறந்தது. முதல் நாற்பது மணி நேரம் ஓட்டுபவர் தனியாகத்தான் பறக்க வேண்டும். அது முடிந்ததும் நான் பக்கத்து இருக்கையில் ஏறுவதாக இருந்தது. சமையலறைக் காலண்டரில் டெல்மர் ஒவ்வொரு பறத்தலையும் குறித்துவந்தார். செப்டம்பர் பதினாலாம் தேதி காலை, முப்பத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது.

"இன்னும் நாலு மணி நேரம். அப்புறம் நீ வர்ற. நல்ல காலணியா போட்டுக்க" என்றார்.

"பறக்கறதுக்கு எதுக்கு நல்ல காலணி?"

"ஏழு வருஷம் இரும்புக் கட்டை பிடிச்சவ. ராணி மாதிரி ஏற வேண்டாமா?"

நான் கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். விமானம் ஓடுதளத்தின் கடைசியில் எழுந்தது. மைலோவின் சோள வயலைத் தாண்டியது. அங்கே, மரங்களின் உயரத்துக்குச் சற்று மேலே, என்ஜின் சத்தம் நின்றது. இருமவில்லை, திணறவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் வாயைப் பொத்தினாற்போல் நின்றது. விமானம் இடது பக்கம் சாய்ந்து திரும்பப் பார்த்தது. பிறகு சோளத் தட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டது.

டெல்மரை அடக்கம் செய்த பிறகு, மாதாகோவிலின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றிக்கறி சாண்ட்விச், உருளைக்கிழங்கு, ஏழு வகை கேக். ராய்ஸ் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"என்ஜின் நின்னா நேரா இறக்கியிருக்கணும். திரும்பியிருக்கக் கூடாது."

"ஆமா. அவர்தான் தப்புப் பண்ணிட்டார், பாவம்."

குளிர்காலம் முழுக்க அந்த வார்த்தை என்னோடு வீட்டில் இருந்தது. டெல்மரின் தொப்பியை அதே ஆணியில் விட்டிருந்தேன். காலண்டரை மாற்றவில்லை. செய்தது அவர்தான், அவர் கைதான் தவறியது என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். அது செத்தவரை இரண்டாம் முறை புதைப்பது மாதிரி.

மார்ச் கடைசியில் விசாரணை அறிக்கை தபாலில் வந்தது. அதில் இரண்டே வரிதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்த என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்க இரண்டு மின்பெட்டிகள் உண்டு. ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றட்டும் என்றுதான் இரண்டு. ஆனால் அந்த இரண்டு பெட்டிகளின் எர்த் வயர்களும் கருவிப் பலகைக்குப் பின்னால் ஒரே போல்ட்டில் கட்டப்பட்டிருந்தன. அந்த போல்ட்டின் நட்டு முழுதாக முடுக்கப்படாமல், அதிர்ந்து அதிர்ந்து கழன்றிருந்தது. ஒரே நொடியில் இரண்டும் செத்திருக்கின்றன.

காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக மைலோவின் வீட்டுக்குப் போனேன். அவன் டிராக்டருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான். நின்றபடியே படித்தான். படித்து முடித்தும் தலையைத் தூக்கவில்லை.

"மைலோ, உன் விமானத்துல எப்படி இருந்தது?"

"அதே மாதிரிதான்."

"தெரியுமா உனக்கு?"

"முதல் வருஷமே தெரியும். ரெண்டு எர்த்தும் ஒரே போல்ட். பாதி லக்கு கையோட வந்துச்சு. ஒரு குளிர்காலம் உட்கார்ந்து எல்லாத்தையும் உருவிப் போட்டுட்டு நானே புதுசா இழுத்தேன்."

"யார்கிட்டயும் சொல்லல."

"எப்படிச் சொல்வேன், ஆர்டிஸ்? என் பொண்ணு கல்யாணத்துக்கு மூணு நாள் வந்து பந்தலுக்கு விளக்குப் போட்ட மனுஷன். என் வாயால அவர் பிழைப்பைக் கெடுக்கறதா?"

 அவனே தொடர்ந்தான்.

"நாடாச் சனிக்கிழமை அன்னிக்குப் படுத்துப் பார்த்தேன். அதே போல்ட். நாடாவைக் கிழிச்சேன். கையில வச்சிருந்தேன். தலையைத் திருப்பினா அவர் பூட்ஸு தெரியுது. அவர் நின்னுக்கிட்டிருக்கார். ஒட்ட மனசு வரல. அப்புறமா தனியா டெல்மர்கிட்ட சொல்லிக்கலாம்னு..." அவன் முழங்காலைத் தொட்டான். "இங்க ஒட்டிக்கிட்டேன்."

"நான்தான் அதைப் பிரிச்சேன்" என்றேன்.

அவன் அழுதான். தோளில் கை வைக்க எனக்குத் தோன்றவில்லை. அப்படியே நின்றேன். இவனை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் ராய்ஸிடம் கேட்காமல் ஆப்பிள் பை வெட்டிய அந்தக் கத்தியை நான் மறக்கவில்லை.

"ஜோலீன் விமானத்துக்கும் அவர்தானே வயரிங்?" என்று கேட்டேன்.

மைலோ கண்ணைத் துடைத்தான். "ஆமா. இந்தச் சனிக்கிழமை அவளுக்கு நாடா."

ஜோலீன் ஊர் மருத்துவமனையில் நர்ஸ். கணவன் இல்லை. பக்கத்து இருக்கை அவளுடைய ஏழு வயது மகளுக்கு. உயரம் போதாது என்று அவளே தடித்த மெத்தை ஒன்று தைத்து வைத்திருந்தாள். சனிக்கிழமை நான் போனபோது அந்த மெத்தைதான் முதலில் கண்ணில் பட்டது. சிவப்புத் துணி, வெள்ளைப் பூ.

நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு அடங்கியது. டெல்மர் போன பிறகு அந்தத் திடலுக்கு நான் வரவில்லை. ஜோலீன் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "பான்கேக் சூடா இருக்கு, உட்காருங்க" என்றாள்.

"எனக்கு நாடா கொடும்மா முதல்ல."

விமானத்தைச் சுற்றிப் பதினைந்து பேர். இறக்கையில், சக்கரத்தில், வாலில் எல்லாம் பச்சைத் துண்டுகள். கருவிப் பலகைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ராய்ஸ் காபிக் கோப்பையோடு அங்கேதான் நின்றிருந்தார்.

"வா, ஆர்டிஸ்" என்றார். "வந்தியே, சந்தோஷம்."

நான் மண்டியிட்டு, மல்லாந்து, பலகைக்கு அடியில் தலையை நுழைத்தேன். அறுபத்து மூன்று வயதில் அது அழகான காட்சி இல்லை. டார்ச் வெளிச்சத்தில் அந்த போல்ட்டைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அறிக்கையில் படம் இருந்தது. இரண்டு கறுப்பு வயர்கள், ஒரு போல்ட். நாடாவைக் கிழித்தேன். தலையைத் திருப்பினால் அவர் பூட்ஸ் தெரிந்தது. மைலோ சொன்னது உண்மைதான். அந்தப் பூட்ஸ் தெரியும்போது கை தானாகவே பின்னால் வருகிறது.

ஒட்டினேன். பக்கத்து வயரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். லக் கழன்று வந்தது. அங்கேயும் ஒட்டினேன். பிறகு வெளியே வந்து எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"யாரு ஒட்டினதுன்னு கேட்கக் கூடாதுன்னு சட்டம். பரவாயில்ல, நானே சொல்றேன். ராய்ஸ் வேலைமேல ஒட்டினது நான். ரெண்டு எர்த் வயரும் ஒரே போல்ட்டுல இருக்கு. டெல்மர் இதனாலதான் செத்தார். திரும்பினதால இல்ல."

"ஆர்டிஸ், இப்ப இங்க வேண்டாமே..." என்று யாரோ மெதுவாக ஆரம்பித்தார்.

"விடுங்க. அவ சொல்லட்டும்" என்றான் மைலோ. நாடாச் சுருளோடு அவன் பலகைக்கு அடியில் நுழைந்தான். வெளியே வந்தபோது அவன் கால்சட்டையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. அவனுக்குப் பின் இன்னொருவர் போனார். அவருக்குப் பின் ஜோலீன். மத்தியானத்துக்குள் அந்தப் பலகைக்குப் பின்னால் முப்பத்தோரு நாடாக்கள் இருந்தன.

ராய்ஸ் நடுவில் எங்கும் போகவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறிப்போன காபியோடு நின்றிருந்தார். எல்லோரும் ஒதுங்கிய பிறகு குனிந்து உள்ளே பார்த்தார்.

"எத்தனைன்னு தெரியல. பச்சையா மங்கலா தெரியுது" என்றார். பிறகு என்னிடம் வந்தார். "வலது கண்ணு ரெண்டு வருஷமா போச்சு. இடதும் போய்க்கிட்டிருக்கு. கைக்குப் பழக்கம்தானே, தடவியே செஞ்சிடலாம்னு இருந்தேன். யாரும் குறை சொல்லலியா... சரியாத்தான் செய்யறேன் போலன்னு நினைச்சேன்."

"போல்ட் எங்க போடணும்னு பார்க்கக் கண்ணு வேணுமா, ராய்ஸ்? மைலோ விமானத்துல அது அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு."

அவர் கோப்பையைப் பார்த்தார். "அப்பவும் யாரும் சொல்லல."

"ஆமா. நாங்க யாரும் சொல்லல."

"அன்னிக்கு டெல்மர் விமானத்துல ஒருத்தர், ஒரே ஒரு துண்டு ஒட்டியிருந்தா எனக்குக் கோவம் வந்திருக்கும். ஒரு வாரம் யார்கிட்டயும் பேசியிருக்க மாட்டேன்." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒரு வாரம், ஆர்டிஸ். அவ்வளவுதான் ஆகியிருக்கும்."

அவரை மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. இன்றும் அந்த வார்த்தை என்னிடம் இல்லை. ஆனால் அன்று அங்கே நின்றிருந்த பதினைந்து பேருக்கும் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

"ராய்ஸ் மனசு நோகக் கூடாதுன்னு நாம எல்லாரும் நல்லவங்களா இருந்தோம். அந்த நல்லதனத்துக்கு டெல்மர் உயிரைக் கொடுத்தார். எவ்வளவு பெரிய தொழில்காரர் வேலையா இருந்தாலும் பாருங்க. தப்புன்னு பட்டா அவர் எதிரிலேயே ஒட்டுங்க. நோகற மனசு ஒரு வாரத்துல ஆறிடும்."

ஜோலீன் அந்தச் சிவப்பு மெத்தையை இருக்கையிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.